ஆயக்கட்டை அலகாகக் கொள்ளுங்கள்: குமரி மாவட்ட ஊரமைப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர் ஊரமைப்புத் துறை அலுவலர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலில் நான் முன்வைப்பது ஒரே கோரிக்கை. மனைப்பிரிவுகளுக்கும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் அனுமதி தரும்போது, விண்ணப்பத்தில் உள்ள புல எண்ணோடு நின்றுவிடாமல், அந்தப் புல எண் எந்தக் குளத்தின் அல்லது எந்தக் கால்வாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பில், அமைந்திருக்கிறதோ அந்த ஆயக்கட்டு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு முடிவெடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஊர் வளர்கிற முறை பிற மாவட்டங்களில் இருப்பதைப் போன்றதன்று. ஆகவே எல்லா ஊர்களுக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதிகளை இங்கே அப்படியே பொருத்தும்போது எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 18,70,374 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தில் வாழ்வதாக அக்கணக்கு சொல்கிறது. 2001இல் இது 65 விழுக்காடாக இருந்தது. மாநிலத்தில் சென்னைக்கு அடுத்தபடி நகர்மயமான மாவட்டம் நம்முடையதுதான். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு தேரூருக்குப் போய்ப் பாருங்கள். தேரூர் ஒரு பேரூராட்சி என்பதால் கணக்கில் அது நகரம். நேரில் அங்கே இருப்பது பெரிய குளமும் அதன் கீழ் விரிந்த வயலும் அவற்றை ஒட்டிய தெருக்களும். அரசாணையின் வழியே பேரூராட்சி என்று பெயர் பெற்ற எந்த இடமும் கணக்கெடுப்பில் நகரமாகிவிடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைக் கொண்டிருந்த மாவட்டம் காகிதத்தில் ஏறக்குறைய முழுவதும் நகரமாகத் தெரிவதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை நகரங்கள் இருந்தும் நகரத்துக்கு உரிய புதைசாக்கடையும் இணைப்புச் சாலைகளும் பொதுத்திடல்களும் பெரும்பாலான இடங்களில் இல்லை. கிராமத்துக்கு உரிய பாசனப் பாதுகாப்பும் நகரம் என்ற பெயரால் தளர்ந்துவிட்டது.

நிலம் குறைவான மாவட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்பது 2011இன் மக்கள் நெருக்கம். இதில் 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் மட்டும் 402 சதுர கிலோமீட்டர். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நெருக்கம் 1,450ஐத் தாண்டுகிறது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்தத் துண்டு நிலத்தில்தான் வீடு, வயல், தோப்பு, ரப்பர், சாலை, குளம் எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தத் துண்டுக்குள்ளும் இரண்டு வகையான குடியிருப்பு முறைகள் இருக்கின்றன. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டில் ஊர் என்பது திரண்டு நிற்கும். தெருக்கள் மேட்டில், குளம் ஒரு பக்கம், ‘பத்து’ என்று நாம் அழைக்கும் வயற்பரப்பு அதன் கீழே. மேற்கே பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் அப்படித் திரண்ட ஊர் அரிது. ஒவ்வொரு வீடும் தன் புரையிடத்தில், அதாவது தனக்கான வீட்டு வளாகத்தில், தன் கிணற்றோடும் தென்னையோடும் தனித்து நிற்கும். விளைகள் என்னும் மேட்டு நிலங்கள் சரிவில், ஏலா என்னும் வயற்பரப்பு பள்ளத்தில். திருவிதாங்கூர் வழியில் வந்த இந்த அமைப்பில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே எப்போதும் இடம் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு மாறியது. குடியிருக்கும் பழக்கம் மாறவில்லை. வளைகுடா வருமானமும் ரப்பர் வருமானமும் அரசுப் பணிகளும் சேர்ந்து கையில் காசு புழங்கியபோது, ஆளுக்கொரு தனி வீடு, அதற்கொரு மதில், வாசல் வரை கார் போகும் பாதை என்ற ஆசையை அந்தப் பழக்கமே வளர்த்தது. எனவே இங்கே நகரம் நாகர்கோவிலை நடுவில் வைத்து வெளிநோக்கி விரியவில்லை. களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை, சாலை போகும் இடமெல்லாம், ஒரே நேரத்தில் எல்லா இடங்களிலும் முளைக்கிறது. நடுவிலிருந்து வளரும் நகரத்துக்கு எல்லை வகுக்கலாம். எங்கும் பரவும் நகரத்துக்கு எந்த இடத்தில் கோடு போடுவீர்கள்?

அந்தக் கோடு ஏற்கெனவே தரையில் இருக்கிறது என்பதுதான் என் வாதம். பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும் பின்னர்ச் சேர்ந்தன. கோதையாற்றுப் பாசன அமைப்பின் நீரைத் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில் நாடு புத்தனார் கால்வாய் போன்றவை கிழக்கே கொண்டுவந்து குளங்களில் நிறைக்கின்றன. குளத்து மடையிலிருந்து வாய்க்கால் வழியே வயலுக்கும், ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கும் நீர் இறங்குகிறது. குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. வயலின் வடிநீர் பழையாற்றில் விழ, அதைப் பிள்ளைபெத்தான், சோழந்திட்டை, சபரி, குமரி, மிஷன் என்று வழிநெடுகக் கட்டிய அணைகள் மறித்து மறுபடியும் வயலுக்கே திருப்புகின்றன. எஞ்சியதுதான் மணக்குடியில் கடல் சேர்கிறது. மாவட்டத்தில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருப்பது வெறும் எண்ணிக்கைப் பெருமை அன்று. அவை ஒன்றுக்கொன்று நீர் கொடுத்து வாங்கும் சங்கிலி என்பதால்தான் இரண்டு பருவ மழையையும் வைத்துக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் என இரு போகம் எடுக்க முடிந்தது.

இந்தச் சங்கிலிக்கு நடுவில் ஒரு புல எண் மனைப்பிரிவாகும்போது என்ன நடக்கிறது என்பதைப் பத்தில் நிற்பவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வயல் ஒரே நாளில் மனையாவதில்லை. முதலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பயிர் வைக்காமல் போடுகிறார்கள். வருவாய்த் துறையின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் அது தரிசு என்று ஏறுகிறது. அடுத்து வரப்பை உயர்த்தி வாழை வைக்கிறார்கள், அல்லது தென்னங்கன்று நடுகிறார்கள். நஞ்சையில் தென்னை வைக்கக் கூடாது என்று யாரும் கேட்கப்போவதில்லை. வாழைக்கு நீர் தேங்கக் கூடாது என்பதால் மேட்டுப்பாத்தி எடுக்கிறார்கள். அந்த வயல் வழியாகக் கீழ்வயலுக்கு இறங்கிய நீருக்கு வழி அடைபடுகிறது. கீழ்வயல்காரர் ஒரு போகம் பார்க்கிறார், இரண்டு போகம் பார்க்கிறார், அவரும் தரிசு போடுகிறார். அதன்பிறகு ஒரு லாரி செம்மண் வருகிறது. மேற்கு வட்டங்களில் அந்தச் செம்மண் பக்கத்து விளையின் சரிவை வெட்டி எடுத்ததாகவே இருக்கும். மேடும் கெடுகிறது, ஏலாவும் தூர்கிறது. கடைசியில் கல் நட்டு, கொடி கட்டி, ‘எல்லா வசதிகளும் நிறைந்த மனைகள்’ என்று பலகை வைக்கும்போதுதான் கோப்பு உங்கள் மேசைக்கு வருகிறது. அப்போது நீங்கள் பார்க்கும் நிலம் பயிர் செய்யாத நிலம்தான்; சுற்றிலும் உள்ளதும் அப்படியே. ‘வேளாண்மைக்கு ஏற்றதன்று’ என்ற குறிப்பு பொய்யன்று. ஆனால் அதை ஏற்றதல்லாததாக ஆக்கியது எது என்ற கேள்விக்குக் கோப்பில் இடமில்லை. எங்கள் வயலுக்கு மேலே இப்படி வந்த ஒரு மனைப்பிரிவில் வடிகால் ஓடையைக் குழாய்க்குள் அடக்கி அதன் மேல் பாதை போட்டார்கள். குழாயின் விட்டம் கார்த்திகை மழையை நினைத்துத் தீர்மானிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 இருக்கிறது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்த பிறகு, 2017இல் வரன்முறை விதிகளும், திட்டமில்லாப் பகுதிகளில் வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும் வந்தன. நஞ்சையை மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தும் வேண்டும். 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும்போதுகூட, குளம், கால்வாய் போன்ற பொது நீர்நிலைகளில் அமைந்தவை சேர்க்கப்படவில்லை. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. இவை அனைத்தும் நல்லவையே. ஆயினும் இவை எல்லாம் குளத்தின் புறம்போக்கைக் காக்கின்றன, அல்லது தனித்தனிப் புல எண்ணைச் சோதிக்கின்றன. ஒரு குளத்தின் ஆயக்கட்டில் பாதி போன பிறகு மீதிப் பாதி பிழைக்குமா என்று கேட்கும் விதி எதிலும் இல்லை.

ஈரநிலப் பாதுகாப்பிலும் இதே ஓட்டைதான். 2022இல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத் தொகுதியின் 94.23 ஹெக்டேரும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியின் 19.75 ஹெக்டேரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்து ராம்சார் தலங்களாயின. மகிழ்ச்சிதான். ஆனால் 2017ஆம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகள் நெல்வயல்களையும் பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்திருக்கின்றன. தேரூர்க் குளத்துக்கு உலகப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. அந்தக் குளத்துக்கு நீர் அனுப்பும் மேற்குளத்துக்கும், அங்கு வரும் பறவைகள் இரை தேடும் வயலுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. காவிரிப் படுகைக்காக 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நாஞ்சில் நாடு அதில் இல்லை. இருந்திருந்தாலும் அது சில வகைத் தொழிற்சாலைகளைத் தடுத்திருக்குமே தவிர மனைப்பிரிவைத் தடுத்திருக்காது.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்தெந்தப் புலம் நெல்வயல் என்று தரவுத்தொகுப்பு ஒன்றை உள்ளூர்க் குழு தயாரிக்க வேண்டும். அதில் ஏறிய நிலத்தைத் தூர்க்கக் கூடாது. வேறு நிலம் இல்லாத உரிமையாளர் தனக்கு வீடு கட்ட வேண்டுமானால் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சிப் பகுதியில் 5 சென்ட் வரை குழுவின் பரிந்துரையுடன் அனுமதி பெறலாம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. தரவுத்தொகுப்பில் பெயரை நீக்கக் கேட்டு நிற்கும் வரிசைகளும், 2018இல் கொண்டுவந்த திருத்தத்தின் தளர்வுகளும் அனைவரும் அறிந்தவை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நேர்மை உண்டு. வீடில்லாதவனுக்கு 5 சென்டும் வணிகத்துக்காக 5 ஏக்கரும் ஒன்றல்ல என்று அது பிரித்துப் பார்க்கிறது. நம் நடைமுறையில் அந்தப் பிரிவு இல்லை. சொந்தப் பங்கில் 4 சென்டில் வீடு கட்டப் போகும் தொழிலாளி அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். பெரிய மனைப்பிரிவு தேர்ந்த வரைவாளரைக் கொண்டு கோப்பை நகர்த்திவிடுகிறது.

இதன் விலை மழைக்காலத்தில் தெரிகிறது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருமழை வந்தபோது பழையாற்றங்கரையின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகுந்தது. அளவுக்கு மீறிய மழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பத்து தன் வரப்பளவு நீரைச் சில நாள் தாங்கி வைத்து மெல்ல வடியவிடும். அதே இடத்தில் செம்மண்ணும் சிமென்ட்டும் இருந்தால் அந்த நீர் முழுவதும் அதே மணி நேரத்தில் கீழ்நோக்கி ஓடிவரும். கோடையில் இதற்கு மறுபக்கம் உண்டு. குளமும் வயலும் நீரோடு இருந்தால்தான் மேட்டுத்தெருவின் கிணற்றில் நீர் ஊறும். கடற்கரை ஊர்களில் உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் நிலத்தடியில் இருக்கும் அந்த நன்னீர்தான். புது மனையில் வீடு கட்டி ஆழ்துளைக் கிணறு இறக்கியவரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரள எல்லையிலிருந்து கன்னியாகுமரி நோக்கி வரும் நான்கு வழிச்சாலை வயல்களையும் குளங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. சாலை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் நெரிசலில் நின்றவர்களுக்கு அது தெரியும். என் கவலை சாலையின் இருபுறமும் அடுத்து வரப்போவது பற்றியது. நெடுஞ்சாலைக் கரை ஒரு பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால், நீர் வராத பாதி இயல்பாகவே மனை விற்பவர் பார்வைக்குப் போகிறது. சாலையின் நிலவரம்பைத் தாண்டி இரு பக்கமும் எவ்வளவு தூரம் வரை நிலப் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று இப்போதே முடிவெடுத்து அறிவிக்காவிட்டால், இந்தப் புறவழிச்சாலையும் சில ஆண்டுகளில் இன்னொரு கடைத்தெருவாகிவிடும். பிறகு அதற்கொரு புறவழிச்சாலை தேவைப்படும்.

மக்கள் எங்கேதான் குடியிருப்பது என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. மாவட்டத்தில் மேட்டு நிலம் இல்லாமல் இல்லை. பெயரில் ‘விளை’ என்று முடியும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். அவை எல்லாம் முன்னோர் குடியிருக்கத் தேர்ந்த மேடுகள். அந்த விளைகளில் அரை ஏக்கரில் ஒரு வீடு என்று நிற்கும் இடங்களும், பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளும், நாகர்கோவிலுக்குள்ளேயே பாதை இல்லாததால் பயன்படாமல் கிடக்கும் உள்மனைகளும் ஏராளம். இவை வீடாகாமல் போவதற்குக் காரணம் நிலப்பஞ்சம் அன்று. ஒருவர் பத்தடி விட்டுக்கொடுத்தால் பின்னால் உள்ள ஆறு பேருக்கு வழி கிடைக்கும் என்ற இடத்தில், விட்டுக்கொடுப்பவருக்கு ஈடு தரும் ஏற்பாடு இல்லை. குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்ற முறையில் இதைச் செய்கிறார்கள்: ஒரு பகுதியின் நிலத்தை எல்லாம் காகிதத்தில் ஒன்றுசேர்த்து, சாலைக்கும் பொது இடத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியை ஒழுங்கான துண்டுகளாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். பரப்பு குறையும், பயன் கூடும். அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படி அமைந்ததுதான். நமது 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விரிவான வளர்ச்சித் திட்டம் என்ற அதிகாரம் இருக்கிறது. அதை விளைகளுக்குப் பயன்படுத்துங்கள். இன்றைய நடைமுறையில் ஒவ்வொரு மனைப்பிரிவும் தனக்கென ஒரு பாதை போட்டு அடுத்தவர் மதிலில் முட்டி நிற்கிறது. குப்பை வண்டியும் ஆம்புலன்சும் நுழைந்த வழியே பின்னோக்கி வர வேண்டியிருக்கிறது. சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் குடிநீர்க் குழாயும் பேருந்தும் கொண்டுபோகும் செலவைப் பேரூராட்சிதான் சுமக்கிறது. மனை விற்றவர் அப்போது அடுத்த பத்தில் இருக்கிறார்.

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானது. சுற்றியுள்ள உள்ளாட்சிகளை அதனோடு சேர்ப்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. எல்லையை விரிப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்: மாநகராட்சிக்குள் வரும் நஞ்சை, குடியிருப்புப் பகுதியாகத் தானாக மாறிவிடாது என்பதை நகரின் நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் வயல் இருப்பது அவமானம் என்று எண்ணுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பெருநகரம் மழைநீர் வடிகாலுக்கும் தேக்கத்துக்கும் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் வேலையை ஒரு பத்து செலவில்லாமல் செய்துகொண்டிருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உங்கள் கடமைகளில் ஒன்று.

வயலை விற்பவரைக் குற்றவாளியாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நெல்லுக்குக் கிடைக்கும் விலை உழவுக்கும் உரத்துக்கும் போய்விடுகிறது. பாகம் பிரிந்து பிரிந்து ஒருவர் கையில் 20 சென்ட், 30 சென்ட் என்று நிற்கிறது. பிள்ளையின் படிப்போ, பெண்ணின் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ வரும்போது வயலாக விற்றால் வரும் தொகைக்கும் மனையாக விற்றால் வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் எந்த உபதேசத்தையும் வென்றுவிடும். ஊருக்கெல்லாம் நீர் தாங்கும் நிலத்தை ஒருவர் தன் செலவில் காத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. எனவே தடை மட்டும் போதாது. தடை விதிக்கப்படும் நஞ்சைக்கு ஆண்டுதோறும் ஏக்கர் கணக்கில் ஓர் ஊக்கத்தொகை வேண்டும். கேரளத்தில் நெல்வயல் உரிமையாளருக்கு அப்படி ஒரு தொகை தரப்படுகிறது. மனைப்பிரிவுகளிடமிருந்து வாங்கும் வளர்ச்சிக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம். நிலத்தை மாற்றி லாபம் காண்பவர், மாற்றாமல் காப்பவருக்குக் கொடுப்பது முறையானதே.

ஆகவே நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீர்வளத் துறையிடம் உள்ள ஆயக்கட்டுப் பதிவேட்டையும் வருவாய்த் துறையின் புலப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, குளம் குளமாக வரைபடம் தயாரியுங்கள். அதில் மடை, வாய்க்கால், வடிகால் ஓடை, மறுகால் எல்லாம் குறிக்கப்பட வேண்டும்; பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்காலும் விடுபடக் கூடாது, ஏனென்றால் பெரும்பாலும் காணாமல் போவது அதுதான். நில மாற்றம் கேட்டு விண்ணப்பம் வந்தால், அந்த ஆயக்கட்டில் இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு நிற்கிறது என்பது கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தரிசு என்று பதிவான நிலத்துக்கு நீர் வருவது எப்போது, யாரால் நின்றது என்ற விசாரணை இல்லாமல் அதை வேளாண்மைக்கு ஏற்றதன்று என்று எழுத வேண்டாம். பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிப்பதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் கருத்தைக் கேட்காமல் ஆயக்கட்டுக்குள் எந்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் தர வேண்டாம். ஒரு குளத்தின் ஆயக்கட்டு இரண்டு பேரூராட்சிகளில் கிடந்தால் இரண்டு மன்றங்களும் சேர்ந்து அமர்ந்து முடிவெடுக்கட்டும். இப்போது மேல்மடைப் பேரூராட்சி தரும் அனுமதி கீழ்மடைப் பேரூராட்சிக்கு மழை வந்த பிறகுதான் தெரிகிறது.

உள்ளாட்சி உறுப்பினர்களுக்குத் தனியாக ஒன்று. மனைப்பிரிவுத் தீர்மானங்கள் கூட்டப் பொருளில் பத்தோடு பதினொன்றாக வந்து, வாசிக்கப்படாமலே நிறைவேறுவதை நாங்கள் அறிவோம். அடுத்த முறை அப்படி ஒன்று வந்தால், நிலம் எந்தக் குளத்தின் கீழ் என்று எழுந்து கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பொருளைத் தள்ளிவையுங்கள்.

முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது, நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் மட்டும் வைத்துவிட்டு ஆட்சேபணை கேட்காமல், ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் அந்தந்த ஊரின் பகுதியைத் தமிழில் பெரிதாக அச்சிட்டு ஒட்டுங்கள். மடை எது, மறுகால் எது, எந்த வாய்க்கால் இப்போது யார் மதிலுக்குள் இருக்கிறது என்று காட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு பத்திலும் இருக்கிறார்கள். அளக்க வரும் நாளை ஒரு வாரம் முன்னதாக அறிவித்தால் அவர்கள் வரப்பில் வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
பழையாற்றுப் பாசனப் பகுதி விவசாயி ஒருவர்
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்